ஜப்பான் மீனும் அக்காவின் கால்களும்

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அது காலில் நுழைய மறுத்துப் பல நாளாகிவிட்டது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும், மெல்லத்தான் மேடாகும். மெர்டேக்கா (மலாய் மொழியில் சுதந்திரம்) கிடைத்த மறு வருடம் அது.

ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு பால்மரம் சீவியவள் அக்கா. அந்த உழைப்பில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக, அவள் தம்பி நான் பள்ளிக்கூடம் போனேன். இப்போது காஜா பெராங்கில் என்னோடு இருக்கிறாள்.

வீக்கம் கண்டதும் தெருவார் சொன்னபடி பத்தியம் வைத்தோம். மீன், முட்டை, பருப்பு எல்லாம் நீர் சேர்க்கும் என்று நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி கொடுத்தோம். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது.

டாக்டர் தமிழர். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். இருந்தது கொக்கிப்புழு (வெறுங்காலின் தோல் வழியே புகுந்து, குடலில் இரத்தம் உறிஞ்சும் புழு). மருந்து எழுதினார். பத்தியத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"புழு தின்னது பாதி, பத்தியம் தின்னது மீதி. ஒடம்புல புரதமே இல்லம்மா. தினம் மீன் சாப்பிடுங்க."

புரதம் என்பது தசையைக் கட்டும் சத்து. இரத்தத்தின் நீர் வெளியே கசியாமல் பிடித்துவைப்பதும் அதுதான். ஆனால் தினமும் கடல்மீன் வாங்க எங்களால் ஆகாது என்றேன்.

"ஒங்க பக்கத்துப் பள்ளத்துல எல்லாம் ஜப்பான் மீன் துள்ளுதே? அதுலயும் அதே சத்துதான்."

யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா மீன் அது. முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். விட்ட இடமெல்லாம் பெருகி, முன்பிருந்த மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் யாரும் அதைத் தொடுவதில்லை. அக்கா குறுக்கிட்டாள்.

"டாக்டரய்யா, எங்க வூட்டுக்காரர சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனவனுங்க மீனு அது. அவரு திரும்பவே இல்ல. செத்தாலும் அது என் வாயில படாது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு தணிந்த குரலில், "சாப்பிடாட்டி அதாம்மா நடக்கும்" என்றார்.

செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்தில் தூண்டில் போட்டேன். சேற்று வாடை போக, பிடித்த மீனை நல்ல தண்ணீரில் உயிரோடு விட்டுவைத்து, உப்பும் மஞ்சளும் தேய்த்துப் புளி கரைத்து ஆக்கினேன். அக்காவின் தட்டில் மீன் அப்படியே கிடந்தது. காலையில் அவள் இமைகளும் வீங்கத் தொடங்கின. வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் பங்கைத் தின்றேன்.

ஒரு மத்தியானம் அவளே பேசினாள்.

"என்னடா, பூனையாட்டம் முள்ளு பொறுக்குற?"

"ஒரு வாய் சாப்பிடுக்கா."

"அவரு வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?"

"அவரு வரும்போது நீ இருக்கணும்ல?"

அக்கா தட்டை இழுத்தாள்.

"என் புருசன அவனுங்க தின்னானுங்க. அவனுங்க மீன நான் திங்கிறேன், போ."

கண்ணீர் வழிய வழியத் தின்றாள். நடுவில் நிமிர்ந்து, "உப்புப் பத்தல" என்றாள்.

"டாக்டர் கொறைக்கச் சொன்னாரு."

"அப்ப அவரையே வந்து திங்கச் சொல்லு."

உங்கள் வீட்டிலும் கால் வீங்கிய ஒருவர் இருக்கலாம். காரணங்கள் பல, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் பத்தியம் வைக்காதீர்கள். குளத்து மீன் என்றால், சாக்கடையோ கக்கூஸோ கலக்காத குளமா என்று பாருங்கள். யார் கொண்டுவந்த மீன் என்பது மனதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. மனது சம்மதிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அக்காவின் வீக்கம் மெல்ல வடிந்தது. முதலில் முகம், கடைசியாகப் பாதம். எலும்பு தெரிந்த கால்களை நீட்டி, யாருடையவோ போலப் பார்த்தாள். "கொக்குக் காலுடா இது" என்றாள்.

அக்காவுக்கு இத்தனை வருடமும் எல்லாமே "அவரு போனதுக்கப்புறம்" நடந்தவைதான். என் பள்ளிக்கூடம், அம்மாவின் சாவு, மெர்டேக்காகூட. போன வாரம் கீரை கேட்டு வந்த அடுத்த வீட்டு அம்மாள், முருங்கையை எப்போது நட்டீர்கள் என்று விசாரித்தார். நான் கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அதுவா? நான் மீன் திங்க ஆரம்பிச்சப்ப வச்சது" என்றாள் அக்கா, எட்டிக் கொப்பை வளைத்தபடி.