டென்ஷன் ஆகாமல் இருந்த நாட்கள்

ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது, குளியலறை டைல்ஸ் கோடுகள் நடுவில் தொந்தி வைத்தமாதிரி வளைந்து தெரிந்தன. வலக் கண்ணை மூடினால் நேராக இருந்தன. இடக் கண்ணை மூடினால் மறுபடி தொந்தி. மனைவியைக் கூப்பிட்டு, வலக் கண்ணால் மட்டும் பார்த்து, "ஒன் மூக்கு கோணலா இருக்கு" என்றேன்.

"கல்யாணமாகி இத்தன வருசம் கழிச்சா தெரியுது?" என்றாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

கண் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். விழித்திரைக்கு அடியில் தண்ணீர் கோத்திருக்கிறதாம். போய்ப் போய்த் திரும்பி வருகிற நோயாம். "உடம்புல கார்டிசால்னு ஒரு ஹார்மோன் இருக்கு. பதற்றப்பட்டா அது கூடும். இந்த நோய்க்கும் அதுக்கும் தொடர்பு உண்டு. டென்ஷனைக் குறைங்க" என்றார்.

அதை என்னைவிடக் கவனமாகக் கேட்டது என் மனைவியும், ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அவள் தம்பியும்தான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. டிவியில் செய்தி கிடையாது. பால் பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூட மனைவி என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து எனக்குப் படபடத்தது.

மைத்துனன் என்னைத் தினமும் ஆற்றுக்குக் கூட்டிப்போய் இடுப்பளவு தண்ணீரில் உட்கார வைத்தான். "பைய மூச்சு விடுங்க அத்தான்" என்பான். மீன் கடிக்குதுலே என்றால், "அதுக்கும் டென்ஷன் ஆகாதீங்க" என்பான்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அங்கிருந்து வந்த போனையும் அவனே எடுத்தான். "அத்தான் அமைதியாயிட்டாங்க. இனிமே அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டான். அன்று சாயங்காலம் மூன்று பேர் மாலையோடு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது நான். அவர்களுக்கும் எனக்கும் சேர்த்து மனைவி காப்பி போட்டாள்.

அடுத்த வாரம் காலையில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். கார்டிசால் அளவு ரொம்பக் குறைவு என்று வந்தது.

"பாத்தீங்களா, எல்லாம் ஆறு செஞ்ச வேல" என்றான் மைத்துனன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இவ்வளவு குறையக் கூடாதே. வெளியேருந்து அதே ஜாதி மருந்து உள்ள போனா, உடம்பு சொந்தமா சுரக்கிறத நிறுத்திரும். கண்ணுல தண்ணி கோக்கவும் அந்த மருந்தே காரணமாகலாம். ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, களிம்பு ஏதாவது?"

நான் மனைவியையும் மைத்துனனையும் வெளியே போகச் சொன்னேன். போகவில்லை.

"தொடை இடுக்குல படர்தாமரை" என்றேன். "ரொம்ப நாளா ஒரு டியூப்பு போடுதேன். மருந்துக் கடையில கேட்டு வாங்குறதுதான்."

"எவ்வளவு போடுவீங்க?"

"தாராளமா."

"எந்த டியூப்பு?" என்றான் மைத்துனன். பெயரைச் சொன்னதும் அவன் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். பிறகு மறு கண்ணைப் பொத்திப் பார்த்தான்.

"ஒனக்குமாலே?"

"பைய பேசுங்க அத்தான். வெளிய ஆளு இருக்கு."

அவன் கண்ணில் ஒன்றுமில்லை. இருவரையும் தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். எனக்குக் களிம்பைச் சட்டென்று நிறுத்தாமல், ஹார்மோன் பார்க்கிற டாக்டர் சொன்னபடி படிப்படியாக விட வைத்தார்கள். நடுவில் அரிப்பு வந்து படாதபாடு பட்டேன். மாதங்கள் போகப்போகத் தண்ணீர் வற்றியது, கோடுகள் நிமிர்ந்தன.

"இனிமே இவங்கள ஏசலாமா?" என்று மனைவி டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"அளவா ஏசுங்க" என்றார் அவர்.

திரும்ப வரலாம் என்பதால் இப்போதும் போய்க் காட்டி வருகிறேன். வலக் கண்ணில் நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல்; புதுச் சட்டைகூட பத்துத் தடவை துவைத்த மாதிரித் தெரியும். அதனால் ஜவுளிக் கடைக்குப் போனால் வலக் கண்ணை மூடிக்கொண்டு துணி பார்க்கிறேன். கடைக்காரப் பெண்கள் மட்டும் என்னைத் தப்பாக நினைக்கிறார்கள். மனைவி முன்னால் போய் நின்று விளக்கம் சொல்லிவிடுகிறாள், படர்தாமரையை மட்டும் விட்டுவிட்டு.