ரோட்டவேட்டரில் சுற்றிய கம்பளம்

ஓய்வு பெற்ற கணவனோடு நாள் முழுக்க ஒரே அறையில் குப்பை கொட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று, வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் தையலக்காவைக் கேட்டால் சொல்வாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே நின்று யோசனை சொல்லியே பழகிய வாய், சும்மா இருக்குமா? அவள் ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைத்தால், "அரை அங்குலம் விட்டுத் தை" என்பார். நூல் கோத்தால், "இந்தக் கறுப்பு அதுக்குச் சேராது" என்பார்.

அதனால்தான் நகராட்சி தன் காலி நிலத்தைத் துண்டு போட்டுக் காய்கறி பயிரிட வாடகைக்கு விட்டபோது, அவளே வரிசையில் நின்று அவர் பெயரில் ஒரு துண்டு வாங்கினாள். ஒரு வருடம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்தது, நிலத்துக்குப் புல் வந்தது, தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலிக்கு அவர் வந்தார். இப்போது கால் தேறிவிட்டது. ஆனால் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டச் சங்கத்துச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஞாயிறு மாலைக்குள் பாதி நிலமாவது கொத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நிலம் போனால் அந்த நாற்காலி அவருக்கு நிரந்தரமாகிவிடும்.

"மொதல்ல புல்லைக் கையால வேரோட எடுத்துடலாங்க" என்றாள்.

அத்தனையும் அருகம்புல். அருகுபோல் வேரோடி வாழ்க என்று வாழ்த்துகிறார்களே, அவர்களில் ஒருவராவது அதைப் பிடுங்கிப் பார்த்திருப்பாரா?

"மெஷின் இருக்கும்போது கை எதுக்கு?" என்று அவர் ஞாயிறு காலையில் சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தும் ஒரு ரோட்டவேட்டரை வாடகைக்கு எடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைக்காரர் ஓட்டும் விதத்தைச் சொல்ல வாயைத் திறந்தாராம். "லிஃப்டையே ஆட்டி வெச்சவன் நான், இது எம்மாத்திரம்?" என்று கிளம்பிவிட்டாராம். இதைப் பெருமையாக வேறு சொன்னார்.

கயிற்றை இழுத்ததும் மெஷின் உறுமியது. மண்ணில் இறங்குவேனா என்று புல்மேல் குதித்துக் குதித்து ஓடியது. பின்னாலேயே அவரும் ஓடினார்.

"அமுக்கிப் பிடிங்க!"

"பிடிச்சுட்டுத்தானே இருக்கேன்!"

பத்தடி போகவில்லை, முனகிவிட்டு நின்றது. கத்திகளில் ஏதோ கனமாகச் சுற்றியிருந்தது. தையலக்கா மண்ணை வழித்துப் பார்த்தாள். நீலப் பூப்போட்ட கம்பளம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்ததேதான்.

"இதைப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

"வெயில் படாம மூடி வெச்சா களை செத்துடும்னு நெனச்சேன். அப்புறம் கால் வலியில மறந்தே போச்சு."

"களை எங்க செத்துச்சு? நான்தான் செத்துக்கிட்டிருக்கேன்!"

கம்பளத்தின் மேலே மண் படிந்து, அதிலும் புல் செழித்திருந்தது. பொழுதோ ஏறிக்கொண்டே போனது. பையைத் திறந்து, துணி வெட்டும் கத்திரியை எடுத்தாள். அவர் ஒருமுறை அதால் காகிதம் வெட்டிய குற்றத்துக்காக ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தவள் அவள். இன்று மண்ணும் நாரும் நறநறக்க அதாலேயே வெட்டினாள். முனை மழுங்குவது கைக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு வெட்டினா..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மண்வெட்டியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

பிறகு மண்வெட்டியால் கம்பளத்தைப் பெயர்த்து, புல்லை வேரோடு உதறி, அவள் முன்னால் போகப் போக அவர் பின்னால் ஓட்டினார். வெயில் தாழ்ந்தபோது பாதி நிலம் பொலபொலவென்று கிடந்தது. செயலாளர் வந்தார். செருப்பு முனையால் ஒரு கட்டியைத் தட்டினார்.

"பரவாயில்லையே. உங்களுக்கேதான், வெச்சுக்கங்க."

தையலக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளையிலிருந்து காலை ஒன்பதுக்கு இவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடலாம்.

செயலாளர் போனதும் கணவர் அவளையும் கத்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்த நிலத்து மேல உனக்கு இவ்வளவு ஆசையா? இத்தனை நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! இனிமே உன்னை விட்டுட்டு நான் தனியா வரவே மாட்டேன். அந்த மூலையில இருக்கிற சாமான் கொட்டகையைக் கொஞ்சம் ஒழிச்சுட்டா, உன் தையல் மெஷினையும் இங்கேயே கொண்டுவந்து போட்டுடலாம்."