அப்பா நடித்த அரசியல் படம்

பொங்கல் நெருங்கினால் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர், விடுமுறையில் பார்க்க வேண்டிய அரசியல் படங்கள் என்று ஒரு பட்டியலைப் போட்டுவிடுவார். எந்த ஆண்டும் அந்தப் படம் அதில் தவறுவதில்லை. துணிச்சலான படம், விலைபோகும் அரசியலைக் கிழித்துத் தொங்கவிட்ட படம் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். அது நல்ல படமாகத்தான் இருக்க வேண்டும். நான் அதை ஒரே ஒருமுறை, தியேட்டரில் பார்த்தேன். அதில் என் அப்பா நடித்திருக்கிறார்.

அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில் இருந்தது. அப்பா வேலை பார்த்த பஞ்சாலையை மூடி வெகு நாளாகியிருந்தது. பெரிய மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கப் போய்க்கொண்டிருந்தார். மில்லைத் திறக்கச் சொல்லிப் பழைய தொழிலாளர்கள் அவ்வப்போது ஊர்வலம் போவார்கள். முன்னால் நின்று கோஷம் எழுப்புவது அப்பாதான். வீட்டில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாத மனிதர், அங்கே ஒரு வரி சொன்னால் தெருவே அதைத் திருப்பிச் சொல்லும்.

அந்தக் கோடை விடுமுறையில், சினிமாவுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவர் மார்க்கெட்டுக்கு வந்தார். உப்பளத்தில் ஒரு பழைய கிடங்கை மில் போல மாற்றிப் படம் எடுக்கிறார்களாம். நிஜமான மில்காரர்கள் கிடைத்தால் நல்லது என்று டைரக்டர் கேட்கிறாராம். அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவிடம் சொன்னார்.

"நம்ம கதையத்தான் எடுக்கறாங்களாம். மில்லு மூடுன கதை."

"யாரு சொன்னா?"

"ஏஜென்ட்டுதான். எங்க செட்டு ஆளுங்க மொத்தப் பேரும் போறோம். நாம ரோட்டுல கத்தும்போது யாரு நின்னு பாத்தாங்க? இப்ப பாக்கட்டும், ஊரு பூரா."

படப்பிடிப்புக்கு எங்களையும் கூட்டிப்போனார். கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வெளியே அம்மா, நான், தம்பி மூவரும் வெயிலில் நின்றோம். அட்டையில் செய்த மில் வாசல், உண்மையான வாசலைவிடப் புதிதாக இருந்தது. அப்பா தன் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நின்றார். சொல்லும்போது எதையாவது கத்தினால் போதும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு இளைஞர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனார்.

அப்பா எதையாவது கத்தவில்லை. "திற திற, மில்லைத் திற! கொடு கொடு, வேலை கொடு!" என்று ஆரம்பித்தார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். டைரக்டர் நிறுத்தச் சொல்லியும் அவர்கள் நிறுத்தவில்லை. அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்த எதிர்வீட்டு மாமா, அந்த அட்டை வாசலைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார்.

"சூப்பர்ண்ணே! இந்த அண்ணன முன்னாடி நிக்க வைங்க. இன்னொரு வாட்டி போலாம்."

மதியம் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். அப்பா தன்னுடையதைப் பிரிக்காமல் எங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். நானும் தம்பியும் முட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அப்பா கொஞ்சம் பேசத் தொடங்கினார். மூட்டை எடுத்துவிட்டு வந்து அலுப்போடு படுப்பவர், இப்போது உட்கார்ந்து, எந்த இடத்தில் கேமரா இருந்தது, டைரக்டர் தோளில் எப்படித் தட்டினார் என்று தம்பிக்குச் சொல்லுவார். படம் பொங்கலுக்கு வந்தது. மாட்டுப் பொங்கலன்று மில்காரர்கள் குடும்பம் குடும்பமாகத் தியேட்டருக்குப் போனோம். தீபாவளிக்கு எடுத்து மடித்தே வைத்திருந்த சட்டையை அப்பா அன்றுதான் போட்டார்.

இடைவேளைக்குச் சற்று முன்பு அந்த மில் வாசல் வந்தது. திரை முழுக்க அப்பாவின் முகம். கழுத்து நரம்பெல்லாம் தெரிந்தது. நான் நாற்காலிமேல் ஏறி நின்று "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

திரையில் அப்பாவின் வாய் அசைந்தது. வந்த குரல் வேறு யாருடையதோ. மில் நிலத்தை வளைத்துப்போடப் பார்க்கும் மந்திரியை அந்தக் குரல் வாழ்க, வாழ்க என்றது. கதாநாயகன் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். அப்பாவை விரலால் காட்டி, "இவனுங்களப் பாருங்க! ஒரு பிரியாணிப் பொட்டலம் குடுத்தா எவனுக்கு வேணும்னாலும் கத்துவானுங்க!" என்றான். விசில் காதைப் பிளந்தது. அடுத்து எதிர்வீட்டு மாமா அழும் முகம் வந்தது. பொட்டலம் கிடைக்காமல் அழுகிறார் என்பது போல அதை வைத்திருந்தார்கள். தியேட்டரே சிரித்தது. எல்லோரும் கைதட்டியதால் நானும் தட்டினேன்.

அப்பாவின் பக்கம் குனிந்து, "நெசமாவே பிரியாணி குடுத்தாங்க இல்லப்பா?" என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பின் வரிசையிலிருந்து மாமாவின் குரல் மெதுவாக வந்தது. "ண்ணே, நாம இதையா கத்துனோம்?"

"பேசாம படத்தப் பாரு" என்றார் அப்பா.

இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் முன்வரிசைப் பையன்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். "டேய், பிரியாணிடா!" என்று ஓடிவந்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று செல்போனை நீட்டினார்கள். அப்பா எழுந்து நின்றார். அவர்கள் சொன்னபடி சிரிக்கவும் செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதியில் எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, படம் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மார்க்கெட்டில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. மூட்டை ஏற்றச் சொல்பவர்கள்கூட 'பிரியாணி' என்றுதான் கூப்பிட்டார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், அந்த ஆள் எங்கள் அப்பாதான் என்று நானே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அதை வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "போய்ப் படி" என்றாள்.

மாசி மாதத்தில் மறுபடியும் ஊர்வலம் வைத்தார்கள். எதிர்வீட்டு மாமா வாசலில் வந்து நின்றார்.

"ண்ணே, கெளம்பு. எல்லாரும் சேந்துட்டாங்க."

"எனக்குத் தொண்ட சரியில்ல. நீங்க போங்க."

"நீ கொரல் குடுக்காம எப்பிடிண்ணே?"

"கட்டிக்கிட்டு இருக்குதுய்யா. சத்தமே வரல."

மாமா தலையாட்டிக்கொண்டு போனார். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மெயின் ரோட்டிலிருந்து கோஷம் கேட்டது. யாரோ ஒருவர் முன்னால் சொன்னார். பின்னால் வந்த குரல்கள் கொஞ்சம் பிந்தியே வந்தன.

நான் அடுப்பில் தண்ணீர் வைத்துக் கல்லுப்பைப் போட்டு, சூடு பதம் பார்த்து, டம்ளரில் எடுத்துவந்து கொடுத்தேன். அப்பா அதை வாங்கி, கொல்லைப் பக்கம் போய், கடைசி வாய்வரை கொப்பளித்துத் துப்பினார்.

"இப்ப எப்படிப்பா இருக்குது?"

"பரவால்லம்மா" என்றார்.

குரல் நன்றாகத்தான் இருந்தது. நான் போட்ட உப்பு வேலை செய்துவிட்டது, இனி அடுத்த ஊர்வலத்துக்குப் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.