மஞ்சள் வைத்த ஷூ

மாற்றல் உத்தரவு வந்து, லேக் கார்டன்ஸ் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். சாமான்களைப் பெட்டியில் அடுக்க வந்தவர் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டு ஒரு ஷூவை எடுத்தார். எடுத்தவர் அதை உடனே பெட்டியில் போடாமல் உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "என்ன தீதி, எடையே இல்லையே! இதுவும் போகுதா?" என்று வங்காளியில் கேட்டார். வெள்ளை நிற ஓட்டப்பந்தய ஷூ அது. ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கின் உட்புறத்தில், பயறு அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு. ஜோடியையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, கட்டிலின் வெறும் பலகைமேல் உட்கார்ந்துகொண்டேன். காலையிலிருந்து நின்றதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

எந்த வருஷப் பூஜைக்கு மழை பெய்தது, யார் எந்த மாதம் மாற்றலாகிப் போனார்கள் என்றெல்லாம் கார்டன் ரீச் அலுவலகத்தில் என்னைத்தான் கேட்பார்கள். வாசிக்கிற புத்தகத்தில்கூட வருஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன். வரவர அந்தப் பழக்கமே அலுப்பாக இருக்கிறது. நான் நினைவில் வைத்திருப்பவை பெரும்பாலும் இந்த ஊரைவிட்டுப் போய்விட்டவர்களின் தேதிகள். அவர்களில் ஒருவர் அக்கா. எனக்கு அடுத்த மேசை, பாளையங்கோட்டைக்காரர். இளம் வயதில் நீண்ட தூர ஓட்டக்காரர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து, ஓடும் வயது முடிந்ததும் கோப்புகளோடு நாற்காலியில் அமர்த்தப்பட்டவர். எங்கள் தலைமை எழுத்தர், பெரிய பாபு, அவரை விடவே மாட்டார். அங்கே அக்காக்களெல்லாம் தீதி, அண்ணன்களெல்லாம் தாதா. "ஓடுறதுக்காக வேலை குடுத்தாங்க, ஆனா உங்க ஃபைல் மட்டும் நடந்தே வருதே தீதி" என்பார். "ஃபைலுக்கும் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் குடுங்க தாதா, ஓடி வரும்" என்பார் அக்கா, தலையை நிமிர்த்தாமலே. சிரிப்பு அடங்கியபின் அவர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருப்பது பக்கத்து மேசைக்காரியான எனக்கு மட்டும் தெரியும்.

பூஜை விடுமுறைக்குச் சற்று முன்புதான் மருத்துவர் அவருடைய வலது முழங்காலின் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் குளிர்காலத்தோடு ஓட்டத்தை நிறுத்திவிடச் சொன்னார். அக்கா அன்று மாலையே ஜனவரியில் நடக்கவிருந்த அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். "ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்ட்டி. முடிச்சிட்டா பெறவு காலம்பூரா உக்காந்தே இருக்கேன். ஒரு வருத்தமும் கிடையாது" என்றார். ஏரியைச் சுற்றி அவர் காலையில் ஓடிக்கொண்டிருந்த வேகத்துக்கு அது கைக்கெட்டியும் எட்டாத தூரத்தில்தான் இருந்தது. அந்தச் சில நிமிடங்களை ஷூவில் பிடித்துவிடலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த வாரத்துச் சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் மூன்று ஜோடிகளைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று தடித்த மெத்தை வைத்தது, முழங்காலுக்கு நல்லது, ஆனால் கனம். இன்னொன்று உள்ளே விறைப்பான தகடு வைத்தது, மிதித்தால் முன்னே தள்ளும். மூன்றாவது மெல்லிய அடிப்பாகத்தோடு துணிபோல் கிடந்தது. தூரம் போகப் போகக் கால் வீங்கும், ஆகவே விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் விட்டு வாங்குங்கள் என்றான். அக்கா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்றாவதைக் கையில் எடுத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "ஒண்ணுமே இல்லாத மாரி இருக்குட்டி" என்றார். அந்தக் காலத்தில் பந்தய ஷூவெல்லாம் அணியின் சொத்து. போட்டியன்று காலையில் கொடுப்பார்கள், மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சொந்தமாக ஒரு பந்தய ஷூ அவருக்கு இதுவே முதல். "ரேஸுக்கு மட்டும் போடுங்க மாஷிமா, சீக்கிரம் தேய்ஞ்சிடும்" என்று பையன் சொல்லி அனுப்பினான்.

வீட்டுக்குப் போகிற வழியில் லேக் மார்க்கெட்டில் நாங்கள் வழக்கமாகக் கறிவேப்பிலை வாங்கும் கடை. அக்கா பெட்டியைத் திறந்து, ஒரு ஷூவைத் தராசில் வைக்கச் சொன்னார். பிறகு காலிலிருந்த பழையதைக் கழற்றி அதையும் வைக்கச் சொன்னார். காய்க்காரர் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே நிறுத்தார். பழையதில் ஏறக்குறைய பாதிதான் புதியது. "கிலோ என்ன விலை தீதி? எனக்கும் ரெண்டு கிலோ குடுங்க" என்றார். அக்கா ஒற்றைக் காலில் நின்றபடி சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தீபாவளியன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி முன்னால் புதுப்புடவையோடு அந்த ஷூவும் பெட்டிக்குள் இருந்தது. புடவை முனையில் வைத்த மஞ்சளை அதன் நாக்கிலும் தொட்டு வைத்திருந்தார். "செருப்புக்குப் போய் மஞ்சளா அக்கா?" என்றேன். "செருப்புன்னு யாருட்டி சொன்னா?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு அது பீரோவுக்குள் போனது. ஒருமுறை போட்டு ஓடிப் பார்க்கக் கூடாதா என்று மார்கழியில் இரண்டு முறை கேட்டேன். "தீவாளிச் சட்டைய மொத நாளே போடுவாவளா? அந்தப் பையனே ரேஸுக்கு மட்டும்னு சொன்னாம்லா. நான் ஜெயிச்ச ஷூ எல்லாமே அன்னைக்குக் காலையில காலுல மாட்டினதுதான்" என்றார். அந்த ஷூக்கள் அவருக்கு முன்னால் பலர் போட்டுப் பதமாக்கியவை என்பது அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பந்தயத்தன்று பனி விலகாத மைதானத்துச் சாலையோரம், அவருடைய பழைய ஷூவையும் வெந்நீர்க் குடுவையையும் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதல் சுற்றில் அவர் என்னைத் தாண்டியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். கணக்குக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார். பாதம் தரையில் படும் சத்தமே கேட்கவில்லை. நாற்காலியில் பார்த்துப் பழகிய உடம்பா அது என்றிருந்தது. இரண்டாவது முறை வந்தபோது வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். நேராக என்னிடம் வந்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். குதிகாலில் காலுறை சிவந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த தொண்டர் பெண் ஓடிவந்து, "விட்டுடுங்க மாஷிமா, வண்டி வரும்" என்றாள். அக்கா மூச்சிரைக்க, தன் அரைகுறை வங்காளியில், "ஆமி தீதி. மாஷிமா நா" என்றார். நான் அக்காதான், பெரியம்மா இல்லை என்று அர்த்தம். என் பக்கம் திரும்பி, "பழசக் குடுட்டி" என்றார். அவர் குனிய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நான்தான் தரையில் உட்கார்ந்து, அவர் கால்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, வெள்ளை ஷூவைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிக் கயிறு கட்டினேன். ஒருமுறை நழுவியது. மறுபடி கட்டினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், போனார்.

முடிவுக்கோட்டில் பெரிய கடிகாரம் இருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடியே தாண்டி வந்தார். "எவ்வளவு?" என்று கேட்டார், உடனே கையைக் காட்டி, "சொல்லாத. ரெண்டுக்கு மேலதான?" என்றார். ஆமாம் என்றேன். பந்தய முடிவுகள் கைபேசியில் வந்தபோதும் அவர் திறக்கவில்லை. மறுநாள் பெரிய பாபு வாயைத் திறக்குமுன், "நடந்தே வந்தேன் தாதா, ஃபைலு மாரி" என்று அவரே சொல்லிவிட்டார். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஷூவை என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அது ஒரு அளவு சிறியது. நான் சொல்லவில்லை. அடுத்த கோடையில் அறுவை சிகிச்சை, அதற்கடுத்த ஆண்டு ஓய்வு, பாளையங்கோட்டை.

அந்த ஷூதான் இப்போது என் மடியில் இருந்தது. அடிப்பாகத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். அதற்குப் பிறகு யாரும் போடாமலேயே கட்டையாக இறுகிப்போயிருந்தது. ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்துவிட்டார். "இன்னுமா வச்சிருக்க? தூரப் போடுட்டி" என்றார். முழங்கால், வெயில், கறிவேப்பிலைக்காரர் என்று கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு, "சரி, இப்பச் சொல்லு. அன்னைக்கு எவ்வளவு?" என்றார்.

இரண்டு மணி நான்கு நிமிடம் என்றேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அக்கா உடனே கணக்குப் போட்டார். "ஷூ மாத்தினோமே, அதக் கழிச்சா?"

பூஜை மழையைக்கூட மறக்காத நான், அதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை. அந்நேரம் என் கடிகாரக் கை அவருடைய குதிகாலுக்கு அடியில் இருந்தது. "பாக்கலையே அக்கா" என்றேன்.

"நீயே பாக்கலையா?" என்றார். பிறகு மெதுவாக, "கயிறு வேற ஒருக்கா நழுவிச்சுல்லா. அப்ப ரெண்டு மணிக்கு உள்ளதான்ட்டி" என்றார். போனை வைத்துவிட்டார்.

சாமான் கட்டுகிறவர் கையில் நாடாச் சுருளோடு காத்துக்கொண்டு நின்றார். ஷூவை ஜோடியாக அவரிடம் நீட்டினேன். வாங்கி மறுபடியும் ஒருமுறை கையில் அசைத்துப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே என் புத்தகங்களின் மேல் வைத்துப் பெட்டியை மூடினார்.