வேப்பிலைக் கயிற்றுக்கு அப்பால்

டாக்டர் என்னைச் சைக்கிள் ஓட்டச் சொன்னது தொப்பையைக் குறைப்பதற்காக. தெருக்கோடி வரை போய் வந்தால் போதும் என்றுதான் சொன்னார். நான் படித்தவன் ஆயிற்றே. அதைச் செய்யாற்றுப் பள்ளத்தாக்கு என்று விரித்துப் பொருள் கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். காலை ஆறு மணிக்குப் போளூரில் நாள் வாடகை இரண்டு ரூபாய்க்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். பிரேக் உண்டா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "ரோடு சமமாத்தான் கீது, பிரேக் இன்னாத்துக்கு சார்?" என்றார். அவர் சொன்னது சரிதான். கலசப்பாக்கம் வரை தரை தோசைக்கல் போல இருந்தது. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த நெல் வயல்கள். வலது கைப் பக்கம் ஜவ்வாது மலை நீலமாக, நான் எவ்வளவு மிதித்தாலும் அதே தூரத்தில், கூடவே வந்துகொண்டிருந்தது.

கலசப்பாக்கத்தில் இருபது பைசாவுக்கு ஒரு டீ. கடைக்காரர் என் வயிற்றையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மலைக்கா போறீங்க?"

"அடிவாரம் வரைக்கும்தான்."

"இன்னிக்கு அந்தப் பக்கம் போவாதீங்க."

"ஏன்?"

அதற்குள் பஸ் வந்து நின்றது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் டீ கேட்டார்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் பழக்கம் எனக்கு இளமையிலிருந்தே இல்லை.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்கரை ஏறினேன். மூன்று மணி நேரம் வயல்பாதையில் ஓட்டியும் தள்ளியும் போனபின் ஓர் ஊர் வந்தது. பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். ஊர் எல்லையில் பாதைக்குக் குறுக்கே வேப்பிலை செருகிய கயிறு கட்டியிருந்தது. ஏதோ திருவிழா அலங்காரம் என்று நினைத்து, மரியாதையாகத் தலையைக் குனிந்து நுழைந்தேன்.

உச்சி வெயில். முதலில் என்ன குறைகிறது என்று புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, என்னைப் பார்த்து ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அந்நிய ஊரில் சைக்கிள்காரனுக்கு நாய் தரும் வரவேற்பை நான் அதுவரை அருமையாக நினைத்ததில்லை. கோழி இல்லை, மாடு இல்லை. வீடுகளின் கதவுகள் விரியத் திறந்திருந்தன. உள்ளே அடுப்புகள் ஆறிக் கிடந்தன. கொடியில் ஒரு சேலை மட்டும் காற்றில்லாமல் தொங்கியது. தெருவை முழுக்கப் பெருக்கி, சலித்த சாம்பலை மெத்தென்று தூவியிருந்தார்கள். மணி அடித்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் எனக்கே பிடிக்காமல் நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் காலடிகளைக் கண்டேன். வெறுங்கால், சின்னப் பாதம். மலைப் பக்கத்து முனையிலிருந்து வந்து, தெருவில் மூடியிருந்த ஒரே கதவின் முன் நின்றன. அப்பாடா, ஓர் ஆளாவது இருக்கிறது என்று கதவைத் தட்டினேன்.

"யாரு?" ஒரு பெண்ணின் குரல், மூச்சை அடக்கிக்கொண்டு.

"வழிப்போக்கன் அம்மா. ஊரில் யாரையும் காணோமே?"

பக்கத்து ஜன்னல் விரலளவு திறந்தது. "சத்தம் போடாதீங்கண்ணா! கயித்தத் தாண்டியா வந்தீங்க?"

முப்பது வயது இருக்கும். அவள் சொன்னது இது: மாடுகளுக்குக் கோமாரி. அதனால் ஊர் வெளியேறியிருக்கிறது. சூரியன் எழுந்து விழும் வரை உயிருள்ள எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அம்மன் தனியாக வந்து நடப்பாள். சாயங்காலம் சாம்பலில் அவள் அடி தெரிந்தால் நோய் போய்விடும். தெரியாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி வெளியேற வேண்டும். இவள் கணவன் புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவன். இடுப்பு ஒடிந்து, இப்போது காய்ச்சலும் சேர்ந்துவிட்டது.

"போன தபா ஒரு ஆயாவக் கட்டிலோட தூக்கினாங்க. தோப்பு போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போய்ட்ச்சி. அதான் எங்க அம்மா வூட்டுக்கு இட்டுனு போறேன்னு பொய் சொல்லிட்டு இருந்துட்டேன். தெரிஞ்சா ஊர விட்டுத் தள்ளிடுவாங்கண்ணா."

"சரி, நான் சொல்லமாட்டேன். ஆனால் நீ வெளியே போய் வந்த அடி அப்படியே இருக்கிறதே?"

"இன்னா அடி? விடியறதுக்கு முன்னாடி கதவச் சாத்தினவ நான்."

விரலால் காட்டினேன். அவள் பார்த்தாள்.

"திரும்பிப் போயிருக்குதா?"

குனிந்து தேடினேன். வந்த அடி மட்டும்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்தவனின் கண்கள் தெரிந்தன. அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் தலைமாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னுடைய பகுத்தறிவு நகரத்தில் நன்றாக வேலை செய்யும். அங்கே அது ஒரே ஒரு யோசனை சொன்னது: இந்த அடிகளைக் கண்டால் ஊர் நேராக இந்தக் கதவைத்தான் உடைக்கும். ஒரு புங்கங்கிளையை ஒடித்துக் கேரியரில் கட்டினேன். நான் நுழைந்த முனைக்கே போய், அங்கிருந்து மலை முனை வரை இழுத்துக்கொண்டு நடந்தேன். என் சுவடு, சைக்கிள் சுவடு, அந்தச் சுவடு எல்லாம் அழிந்தன.

மலை முனையிலும் அதே போல ஒரு வேப்பிலைக் கயிறு. அதற்கு வெளியே, தெரு கண்ணுக்கு மறைந்த மாந்தோப்பில் ஊரே உட்கார்ந்திருந்தது. பூசாரி கம்போடு எழுந்தார்.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? கயிறு தெர்ல?"

"அலங்காரம் என்று நினைத்தேன்."

"அலங்காரமாம்! வவுத்தப் பாரு, இதுக்கு ஒரு சைக்கிளு. உள்ள யாருனா இருந்தாங்களா?"

"இல்லை."

"அடி?"

தோப்பே சமைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "இல்லை," என்றேன். "என் சுவட்டை மட்டும் மரியாதைக்காகக் கிளையால் அழித்தேன்."

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்திருந்த ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதாள். சூரியன் விழும் வரை நகரக் கூடாது என்று பூசாரி உட்காரவைத்தார். திட்டிக்கொண்டே ஓர் இலையில் பொங்கலும் வைத்தார்.

வெயில் இறங்கியதும் எல்லாரும் ஊருக்குள் நுழைந்தோம். முன்னால் போன பூசாரி, கம்பைப் போட்டுவிட்டுத் தரையில் விழுந்தார். நான் வழித்து விட்டுப்போன சாம்பலில் புதிதாக ஒரு வரிசை அடிகள். மறுகோடியிலிருந்த கோயில் படியில் தொடங்கி, தெரு நெடுக வந்து, விரல்கள் மலையைப் பார்க்க, வேப்பிலைக் கயிற்றைத் தாண்டியிருந்தன. ஒரே ஆரவாரம். கற்பூரத்தோடு எல்லாரும் கோயிலுக்கு ஓடினார்கள். கன்றுக்காரி என் காலில்கூட விழுந்தாள். நான் வழித்த சாம்பலில் அல்லவா அம்மன் நடந்தாள்!

எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டின் பின்பக்கம் வயல்தான். கோயிலின் பின்பக்கமும் வயல்தான். சுற்றிப் போய்ச் சுற்றி வர ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரமாகும்? பெரிய துப்பறிவாளன் போலப் பின் ஜன்னலுக்குப் போய் மெல்லக் கேட்டேன்.

"அது நீதானே?"

"நான்தாண்ணா. அடி இல்லன்னா அடுத்த வாரமும் வெளியேறணுமே. எத்தினி தபா இவர ஒளிச்சி வெக்கிறது?"

எனக்கு உயிர் வந்தது. "அப்படியென்றால் முதலில் வந்ததும்..."

"அது நான் இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது இன்னும் போவலண்ணா. தலமாட்லதான் குந்திருக்குது. மெல்லப் பேசுங்க."

உள்ளே எட்டிப் பார் என்று அவள் சொல்லவில்லை. போளூர் வரை சமதரைதான் என்றாலும், அன்று போல நான் சைக்கிள் மிதித்தது கிடையாது.