‘சாத்தூர் சேவு’ குழு இடம் மாறிய கதை

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனால், என் நாற்காலியில் எனக்கு முன்பே ஒரு தலையணை வந்து உட்கார்ந்திருந்தது. முதுகு வலிக்காரர்கள் சாய்ந்துகொள்வார்களே, அந்த ரகம். முதலாளி மிஸ்டர் ஓய் தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, “யுவர் பேக், ஸ்டில் பெய்ன் ஆ?” என்றார். “நோ சார், வெரி குட் பேக்” என்று சொல்லி, நம்பாவிட்டால் என்ன செய்வது என்று ஒருமுறை குனிந்தும் காட்டினேன். நிமிரத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊரில் இதைப் படிப்பவர்கள், நல்ல முதலாளி, கும்பிட்டுவிட்டு வேலையைப் பார் என்பீர்கள். ஆனால் எனக்கு முதுகு வலிக்கிறது என்பது உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். அதுவும் நேரில் சொன்னதல்ல. உலகமே வைத்திருக்கும் அந்த அரட்டைச் செயலியில், ‘சாத்தூர் சேவு’ என்கிற எங்கள் குழுவில், வெள்ளிக்கிழமை மதியம் முனகியது.

பினாங்குக்கு வந்து ஆறு வருடமாகிறது. தீவில், ஜார்ஜ் டவுனில் இருக்கும் ஒரு சரக்கு நிறுவனத்தில், கப்பலில் வரும் பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்கிறேன். குழுவில் நாலு பேர். நான், சுங்கை பினாங் அடுக்குமாடியில் என்னோடு அறையைப் பகிரும் கணேசன், ஜோகூரில் இருக்கும் சுப்பு, எங்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கடல் தாண்டி வந்து, தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் கார் பட்டறையில் வேலை செய்யும் சேவியர். எனக்கு இந்த வேலையைக் காட்டியவன் அவன்தான். விமான நிலையத்துக்குச் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து நின்றவனும் அவன்தான்.

தலையணையை மறந்திருப்பேன். அடுத்த வாரம் மிஸ்டர் ஓய் என்னைக் கூப்பிட்டு, “யுவர் சிஸ்டர் பேபி செரிமனி, டேக் லீவ் லா” என்றார், இந்த ஊர்ப் பேச்சின் வாலான ‘லா’வோடு. தங்கையின் வளைகாப்புக்கு லீவு கேட்கலாமா வேண்டாமா என்று நான் குழுவில்தான் புலம்பியிருந்தேன். அவரிடம் வாயே திறக்கவில்லை. என் கவலை லீவைப் பற்றியதல்ல. கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலமில் வேறொரு வேலைக்கு நான் முயற்சி செய்துகொண்டிருந்ததையும் அதே குழுவில்தான் அளந்துகொண்டிருந்தேன். என் வேலை பெர்மிட் இந்த நிறுவனத்தின் பேரில். அந்தச் செய்தி அவர் காதுக்குப் போனால், வளைகாப்புக்குப் போகிறவன் அப்படியே ஊரோடு இருந்துகொள்ளலாம்.

ஒட்டுக் கேட்பது எனக்குப் புதிதல்ல. சாத்தூரில் நான் கல்லூரியில் படித்த நாளில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருப்பேன். வெளியே உட்கார்ந்திருக்கும் பூத்காரர் கதவைத் தட்டி, “அந்தப் புள்ள அழுவுதுல்ல, மொதல்ல சாரி சொல்லு” என்பார். அவர் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதில் ஒரு நேர்மை இருந்தது. இங்கே கேட்பவன் முகம் தெரியவில்லை. அதுதான் அரித்தது.

ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். அலுவலகத்தில் ஒருமுறை பிரிண்டரை அணைத்துத் திரும்பப் போட்டு ஓட வைத்ததிலிருந்து, நண்பர்கள் மத்தியில் நான் கணினி நிபுணன். பெரிய கம்பெனிகளின் செயலிகளுக்கு மாற்றாக ஓப்பன் சோர்ஸ் செயலிகள் நிறைய இருக்கின்றன என்று தெரிந்தது. அவற்றின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், எனவே உள்ளே திருட்டு வேலை செய்ய முடியாது என்கிறார்கள். நானும் திறந்து பார்த்தேன். ஒரு வரி புரியவில்லை. யாரோ படித்திருப்பார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். நிலப் பத்திரத்திலேயே அப்படித்தான் போடுவது எங்கள் குடும்ப வழக்கம். முதலில் கிடைத்தது குரலுக்கு மட்டுமானது, விளையாட்டுப் பிள்ளைகள் பயன்படுத்துவது. பொத்தானை அழுத்திக்கொண்டே பேச வேண்டும். கணேசன் அதில் ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிட, அவள் “போலீஸ்காரன் ஒயர்லெஸ்ல பேசற மாதிரி இருக்கு, வைங்க” என்று வைத்துவிட்டாள். இரண்டாவது நன்றாக இருந்தது, ஆனால் தொலைபேசி எண்ணைக் கேட்டது. எண்ணைக் கேட்பவன் நாளைக்கு என்னவெல்லாம் கேட்பான் என்று அதையும் விரட்டினேன். மூன்றாவதுதான் மனசுக்குப் பிடித்தது. சர்வரே நம்முடையது. பழைய மடிக்கணினி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, நாலு இரவு போராடி அதை ஓட வைத்தேன். கணேசன் சட்டைக்கு இஸ்திரி போட பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் ஜோகூர் சுப்பு வரை எல்லோரும் துண்டிக்கப்பட்டார்கள் என்பது தவிர, குறையொன்றுமில்லை.

குறை வேறு இடத்தில் முளைத்தது. செயலியை மாற்றினால் போதுமா, குழுவுக்குள்ளேயே ஆள் இருந்தால்? மிஸ்டர் ஓயின் கார் எங்கே சர்வீஸுக்குப் போகிறது? சேவியரின் பட்டறைக்கு. இது தோன்றிய மறுநிமிடம், அவன் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்ததற்குக்கூட உள்நோக்கம் தேடினேன். கணேசனிடம் சொன்னபோது, “அவன் கார்க்காரங்கிட்ட கார பத்தியே பேச மாட்டானேடா” என்றான். நான் கேட்கவில்லை. புதிய இடத்துக்கு மூன்று பேர் குடிபோனோம். சேவியரைப் பழைய குழுவில் விட்டுவிட்டோம். அங்கே அவன் தினமும் காலை வணக்கம் போட்டான். டயர் படம் போட்டான். ஐந்தாம் நாள், “டேய், எல்லாரும் செத்துட்டீங்களா? சொல்லிட்டாவது சாவுங்கடா, மாலை வாங்கணும்ல” என்று குரல் அனுப்பினான். சிரிப்பு வந்தது. பதில் போடவில்லை.

பத்தாம் நாள் மிஸ்டர் ஓய் சொன்னார்: “ஃப்ரைடே யூ நோ நீட் கோ பட்டர்வொர்த். ஐ சென்ட் அதர் பெர்சன்.” அந்த வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த் துறைமுக வேலைக்குப் போக முதுகு இடம் தராது என்று நான் சொன்னது புதுக் குழுவில். என் சர்வரில். என் கட்டிலுக்கு அடியில். அன்று மதியம் அலுவலகச் சமையலறையில் சாப்பாட்டைத் திறந்துவைத்து, இனிச் சந்தேகிக்கக் கணேசனும் சுப்புவும் நானும்தான் பாக்கி என்று எண்ணியபடி, கணேசன் அனுப்பிய குரல் பதிவை ஓட விட்டேன். “என்னடா, பக்கத்து சீட்டு சிடுமூஞ்சி இன்னைக்கு என்ன கொழம்பு?” என்றது கைப்பேசி. பக்கத்து சீட்டு என்பது மேடம் லிம். ஆறு வருடமாக என்னிடம் “குட் மார்னிங்”கும் “ஃபைல் வேர்?”உம் மட்டும் பேசிய ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. அவர் மைக்ரோவேவிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

“கோழிக் கொழம்பு. உப்புதான் கொஞ்சம் கூடிப்போச்சு லா.”

என் வாயிலிருந்த சோறு உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை.

கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தாராம். “பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் தமிழு. எங்க சீன பாஷை ஹொக்கியனே எனக்கு அப்புறந்தான் வந்துச்சு.”

“ஏன்க்கா சொல்லவே இல்ல?”

“நீ கேக்கலயே தம்பி. நீ இங்கிலீஷ்ல ஆரம்பிச்ச, நானும் பேசினேன். நீ தெனமும் சாப்பாட்டு நேரத்துல ஸ்பீக்கர்ல போட்டு மக்கான் பண்ற. காத மூடிக்கவா முடியும்? முதுகு வலின்னு கேட்டேன், பாஸ்கிட்ட சொன்னேன். வளகாப்புன்னு கேட்டேன், சொன்னேன். பாவமா இருந்துச்சு.”

“அந்த... ஷா ஆலம்?”

“அத சொல்லல. அது நீ சொல்லணும்.” டப்பாவை மூடினார். “சிடுமூஞ்சியையும் சொல்லல.”

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் நசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்தால் நான் குரலைத் தாழ்த்துவேன். அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். அலுவலகத்தில் தமிழன் நான் ஒருவன்தான் என்பதால், முழுச் சத்தத்தில் வைத்தேன். நிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்த எனக்கு, என் ஒலியளவுப் பொத்தான் கண்ணில் படவில்லை. மிஸ்டர் ஓயிடம் ஷா ஆலம் விஷயத்தை நானே சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். அந்த நம்பிக்கையும் முன்போல் இல்லை.

சனிக்கிழமை ஃபெர்ரி ஏறி சேவியரின் பட்டறைக்குப் போனேன். ஒரு காருக்கு அடியில் கிடந்தான். செருப்பு மட்டும் தெரிந்தது. அந்தச் செருப்பைப் பார்த்து, “சாப்டியாடா?” என்றேன்.

“மணி நாலு. காலைலயா, ராத்திரியா, எதக் கேக்குற?” என்றது காரின் அடிவயிறு. “புது வீடு எப்படி? காத்தோட்டமா இருக்கா?”

கணேசன் சொல்லிவிட்டிருக்கிறான். “உனக்கும் ஒரு அக்கவுண்ட் போட்டுத் தர்றேன்டா. ரொம்பப் பாதுகாப்பு...”

“யார்கிட்டேருந்து பாதுகாப்பு? அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடு.” எடுத்து நீட்டினேன். “இது பன்னெண்டு. இதையே படிக்க வரல, இவன் கம்ப்யூட்டர் கோடு படிச்சானாம்.” அடியிலிருந்து கையை நீட்டிப் பதினாலை அவனே எடுத்துக்கொண்டான். “நேரா வந்து ‘நீ சொன்னியா’ன்னு கேட்டிருக்கலாம். இல்லன்னு சொல்லியிருப்பேன், ரெண்டு போட்டிருப்பேன், முடிஞ்சிருக்கும். பத்து நாளா ஆளில்லாத வீட்ல பேசிட்டிருந்திருக்கேன். நீங்க மூணு பேரும் எங்கயோ உக்காந்து கேட்டுட்டு இருந்திருக்கீங்க.”

எனக்கு வந்ததெல்லாம் நகைச்சுவை. இரண்டு சொன்னேன். செருப்பு அசையவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

திரும்பும் ஃபெர்ரியில் பழைய ‘சாத்தூர் சேவு’வைத் திறந்தேன். பட்டர்வொர்த் பின்னால் போய்க்கொண்டிருந்தது, ஜார்ஜ் டவுன் இன்னும் வந்து சேரவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்திக் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனதும் குரல் தானாகத் தணிந்தது. இஞ்சின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அழித்துவிட்டு, மறுபடியும் அழுத்தி, உரக்கவே சொன்னேன்: “சேவியரு, உன்னத்தான்டா சந்தேகப்பட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சிரு.”

மீன் கூடை வைத்திருந்த சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். பள்ளிச் சீருடையில் இருந்த மலாய்ச் சிறுமி திரும்பினாள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற இருவர் திரும்பினார்கள். புரிந்து திரும்பியவர் யார், சத்தத்துக்குத் திரும்பியவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரையும் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்துவைத்தேன்.