ஈயம் வைத்த பெட்டிகள்

என் அலுவலக மேசையில் ஒரு சரக்கு ரயில் பெட்டி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பார்க்க வருகிறவர்கள் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து இரண்டு விரலால் எடுக்கப் போவார்கள், விரல் நழுவும். பிறகு கையை முழுதாகக் கொடுத்துத் தூக்கி, "இத்தனூண்டுக்கு இம்புட்டுக் கனமா?" என்பார்கள். உள்ளே ஈயம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

அதைச் செய்தவன் என் அண்ணன். சங்கு குளிக்கப் போனவன். படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட்டை இடுப்பில் கட்டிக் கடலடிக்கு இறங்குவான். அவன் சம்பாத்தியத்தில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அண்ணனோ மீன் வாங்கப் போன இடத்தில்கூடச் சொல்லிவிட்டு வருவான். அந்த வருடமே ஒருநாள் ஆழத்தில் குழாயில் காற்று நின்றுபோக, ஒரே வேகமாக மேலே ஏறிவிட்டான். அப்படி ஏறக்கூடாது, ரத்தத்தில் காற்று குமிழியிட்டு நரம்பைக் கெடுத்துவிடும். கரைக்குக் கொண்டுவந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

கப்பலில் வேலை பார்த்த மாமா எப்போதோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சிறிய நீராவி எஞ்சின் ஒன்று வீட்டில் கிடந்தது. அடியில் ஸ்பிரிட்டைப் பற்றவைத்தால் தண்ணீர் கொதித்து நிஜமாகவே ஓடும். வட்டமாகப் பூட்டத் தண்டவாளமும் இருந்தது, பெட்டிகள்தான் இல்லை. அண்ணன் பெட்டி செய்ய உட்கார்ந்தான். பிஸ்கட் டின்னை வெட்டிப் பக்கத் தகடு, பின்புறமிருந்து ஊசியால் குத்தி வரிசை வரிசையாக ஆணித்தலைகள், குண்டூசியில் கதவுத் தாழ்ப்பாள். திறந்து மூடும் கதவு. சக்கரங்களை மட்டும் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினோம். பிரேக் கம்பி எந்தப் பக்கம் வளைகிறது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் ரயில்வே கேட்டில் நின்று நான் போட்டோ எடுப்பேன். "ஏம்மா, பெட்டி பாக்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?" என்பார் கேட் கீப்பர். வீட்டில் வந்து சொன்னால் அண்ணன், "பெட்டிதான் பேசாம நிக்கும், அதையே கட்டிக்கோ" என்பான். அவன் சிரித்தது அந்த வேலையில் இருந்தபோது மட்டும்தான்.

வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் தங்கிப் பயிற்சி எடுத்தால், நடக்காவிட்டாலும் சக்கர நாற்காலியில் தானாக ஏறி இறங்கலாம், படுக்கைப் புண்ணும் வராது என்றார்கள். இடமும் கிடைத்தது. "ரயில் ஒரு சுத்து வரட்டும், நானும் வாரேன்" என்றான் அண்ணன். அம்மா அதை வேண்டுதல் மாதிரி பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டிக்கும் செபமாலை சொன்னாள்.

ஐந்து பெட்டிகள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் தரையில் தண்டவாளம் பூட்டினோம். அண்ணனைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தோம். எஞ்சின் சூடேறி மூச்சுவிட்டது. அவனே நெம்புகோலைத் தள்ளினான். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. பெட்டிகள் அசையவில்லை.

நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோதுதான் கனம் தெரிந்தது. தண்டவாளத்தை விட்டு இறங்காமல் இருக்க எதையாவது பாரம் வைப்பது வழக்கம்தான். அவன் சங்கு குளிக்கக் கட்டிய பெல்ட்டின் ஈயத்தை வெட்டி, ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தான்.

"இம்புட்டு எதுக்குண்ணே?"

"கனம் இல்லாட்டி அடியில நிக்க முடியுமாளா?" என்றான்.

"ரெண்டு பெட்டியக் கழட்டிட்டுப் பாப்போம்."

"எதக் கழட்டச் சொல்லுத?"

நான் சொன்னது சரியான யோசனை. படித்தவள் சொல்லக்கூடிய யோசனை. அவன் என்னைப் பார்த்த பார்வையில், பெட்டிகளைப் பற்றி நாங்கள் பேசவில்லை என்று விளங்கியது. அதற்குள் அம்மா, அவன் மனம் தேறட்டும் என்று, குனிந்து எஞ்சினின் கொக்கியைக் கழற்றிவிட்டாள். அது துள்ளிப் புறப்பட்டது. வட்டத்தைச் சுற்றி வந்து, நின்ற பெட்டிகளின் பின்னால் முட்டப் போனது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். ஸ்பிரிட் தீரும்வரை எஞ்சின் தனியாக ஓடியது. "பாருல, ஓடுது!" என்று அம்மா கைதட்டினாள்.

"கழட்டி விட்டா நல்லாத்தான் ஓடுது," என்றான் அண்ணன். பிறகு என்னிடம், "ஆஸ்பத்திரிக்குச் சொல்லிரு. நான் வரல."

கெஞ்சினோம். பங்குச் சாமியார் வந்து பேசினார். ஈயத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம் என்றேன். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அடுத்த மழைக்காலத்தில் முதுகுப்புண் புரையோடிக் காய்ச்சல் வந்தது. அது இறங்கவே இல்லை.

பெட்டிகளின் அடித்தகட்டைப் பிரித்து ஈயத்தை எடுத்தால் ஐந்தையும் எஞ்சின் இழுத்துவிடும். கணக்குத் தெரிந்தவள் நான். இழுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? துறைமுகக் காற்றில் என் காகிதங்கள் பறக்காமல் இந்த ஒரு பெட்டி அழுத்திக்கொண்டிருக்கிறது. சில சமயம் தூக்கிப் பிடித்து ஒரு சக்கரத்தை விரலால் தட்டுவேன். அத்தனை லேசாக, சத்தமே இல்லாமல், நெடுநேரம் சுற்றும்.